குவாட்டர்பேக் பாதுகாப்பும் பந்து எறியும் உத்தியும்

குவாட்டர்பேக் பாதுகாப்பு என்பது, அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிய வேண்டிய ஆட்டக்காரரை எதிரணியினர் வந்து வீழ்த்திவிடாதபடி அவருடைய சக வீரர்கள் மறித்து நிற்பதைக் குறிக்கும். இதை முன்வரிசையில் நிற்கும் ஐந்து பருத்த வீரர்களின் வேலை என்றே பொதுவாகச் சொல்வார்கள். குவாட்டர்பேக் அடிபட்டு விழுந்தால் பழியும் அந்த ஐவர் மீதே விழும். ஆனால் அவர்கள் எத்தனை நொடி தாக்குப்பிடிக்க வேண்டும், எத்தனை பேரை எதிர்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் முடிவு செய்வதில்லை. பந்தை எவ்வளவு தூரம், எவ்வளவு விரைவில், எத்தனை பேரை நம்பி எறிவது என்ற திட்டமே அதை முடிவு செய்கிறது. திட்டம் மாறினால், அதே ஐவரைக் கொண்ட அணியிலும் பாதுகாப்பு மாறிவிடும்.

ஆட்டத்தின் அடிப்படை

பெயரில் கால்பந்து என்று இருந்தாலும் இந்த ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். ஒவ்வொரு முயற்சியும் நடுவில் குனிந்து நிற்கும் செண்டர் என்ற வீரர், கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தருவதுடன் தொடங்கும். அதைப் பெறுபவர் குவாட்டர்பேக். அவர் பந்தை ஓடுபவரிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம், முன்னே ஓடும் ஒருவருக்கு எறியலாம். எறிவதற்கு முன்பே, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் அவர் வீழ்த்தப்பட்டால் அதற்கு 'சாக்' என்று பெயர். முயற்சியும் வீண், இருந்த இடமும் பறிபோகும்.

ஊத்தங்கரை, கிருஷ்ணகிரிப் பக்கம் பொங்கல் நாட்களில் கபடி பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இந்த ஆட்டத்தின் ஒரு பாதி உடனே பிடிபடும். பாடிச் செல்பவரை ஏழு பேர் வளைக்கிறார்கள். அவருக்கு 30 நொடி. ஆனால் கபடியில் பாடிச் செல்பவர் தனி ஆள். அவருக்குத் துணையாக யாரும் கோட்டைத் தாண்டி வருவதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக்குக்கு மெய்க்காவலர் உண்டு, நேரம்தான் இல்லை. பெரும்பாலான வேளைகளில் இரண்டரை முதல் மூன்று நொடிக்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இன்னொரு வேறுபாடும் உண்டு. கபடியில் கைகோத்துச் சங்கிலியாக நின்று பிடிக்கலாம்; இங்கே மெய்க்காவலர் எதிராளியைப் பிடித்து நிறுத்தக் கூடாது. உள்ளங்கையால் தள்ளலாம், உடலால் மறிக்கலாம். பிடித்தால் 10 கஜம் தண்டனை.

ஐந்துக்கு ஐந்து என்ற கணக்கு

இந்த ஆட்டத்தின் எறிதல் உத்திகள் எல்லாம் ஒரு சிறு கணக்கில் அடங்கும். 11 பேரில் ஒருவர் குவாட்டர்பேக். முன்வரிசையில் ஐவர்: நடுவில் செண்டர், அவருக்கு இருபுறமும் கார்டு எனப்படும் இருவர், ஓரங்களில் டேக்கிள் எனப்படும் இருவர். விதிப்படி வழக்கமாக இந்த ஐவரும் எறியப்பட்ட பந்தைப் பிடிக்க முடியாது. மீதம் ஐந்து பேர். இவர்களில் எத்தனை பேர் பந்து பிடிக்க ஓடுகிறார்களோ அத்தனை இலக்குகள். எத்தனை பேர் பின்தங்கி மறிக்கிறார்களோ அத்தனை கூடுதல் காவலர்கள். ஒரே ஆள் இரண்டு வேலையையும் முழுமையாகச் செய்ய முடியாது. எனவே பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் காவலை விற்று இலக்கை வாங்குகிறார், அல்லது இலக்கை விற்றுக் காவலை வாங்குகிறார்.

ஐந்து பேரையும் ஓட அனுப்பினால் எதிரணி திணறும். எல்லோரையும் காக்க ஆள் போதாது. ஆனால் எதிரணி ஆறு பேரைப் பாய்ச்சினால் அவர்களில் ஒருவரை மறிக்க யாருமே இருக்க மாட்டார்கள். அந்த ஆறாவது ஆளை மறிக்க வேண்டியது குவாட்டர்பேக்தான், அதுவும் உடலால் அல்ல, நேரத்தால். அவர் வந்து சேரும் முன் பந்து போயிருக்க வேண்டும். இதற்காகவே ஓடுபவர்களில் ஒருவர், எதிரணி கூடுதல் ஆளை அனுப்புவதைக் கண்டதும் தன் நீண்ட ஓட்டத்தைக் கைவிட்டுக் குறுகத் திரும்பிவிடுவார். பாய்ந்து வந்தவர் விட்டுவந்த இடம் காலியாக இருக்கும். பந்து அங்கே போகும். இருவரும் ஒரே கணத்தில் ஒரே செய்தியைப் படிக்காவிட்டால், பந்து ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போய்விடும்.

மறுபுறம், ஏழு அல்லது எட்டுப் பேரைக் காவலுக்கு நிறுத்தி இரண்டு மூன்று பேரை மட்டும் தொலைவுக்கு அனுப்பும் முறையும் உண்டு. நேரம் கிடைக்கும். ஆனால் எதிரணி நால்வரை மட்டும் பாய்ச்சிவிட்டு மீதி ஏழு பேரைப் பின்னால் நிறுத்தினால், கிடைத்த நேரத்தில் எறிவதற்கு ஆள் இருக்க மாட்டார். கோட்டை பலமாக இருந்தும் உள்ளே இருப்பவருக்கு வேலை இல்லாத நிலை அது.

காலடிகளால் அளக்கப்படும் நேரம்

குவாட்டர்பேக் பந்தைப் பெற்றதும் பின்னோக்கி எத்தனை காலடி வைக்கிறார் என்பதிலிருந்து திட்டத்தின் கால அளவைப் படிக்கலாம். மூன்று காலடி என்றால் ஐந்தாறு கஜத்தில் முடியும் ஓட்டங்கள். பந்து இரண்டு நொடிக்குள் போய்விடும். ஐந்து காலடி என்றால் நடுத்தரத் தூரம். ஏழு காலடி என்றால் ஓடுபவர் 15, 20 கஜம் போய்த் திரும்ப வேண்டும். அதுவரை முன்வரிசை மூன்று நொடிக்கும் மேலாக நின்றாக வேண்டும். 130, 140 கிலோ எடையுள்ள ஒருவர் பின்னோக்கி நகர்ந்தபடியே, முன்னோக்கிப் பாயும் இன்னொரு வலியவரைக் கையால் பிடிக்காமல் நிறுத்த வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள தொலைவு புரியும்.

மறிக்கும் முறையும் இதைப் பொறுத்தே மாறும். விரைந்து எறியும் திட்டத்தில் முன்வரிசையினர் பின்வாங்காமல் எதிராளியின் மார்பிலும் கால்களிலும் உடனே மோதலாம். இதனால் எதிராளி கையை உயர்த்திப் பந்தைத் தட்டும் வாய்ப்பும் குறையும். நீண்ட எறிதலில் அரைவட்டமாகப் பின்வாங்கி, குவாட்டர்பேக்கைச் சுற்றி 'பாக்கெட்' எனப்படும் கிண்ணம் போன்ற இடத்தை உண்டாக்க வேண்டும். அந்த இடத்துக்குள்ளேயே நின்று அவர் எறிவார் என்று நம்பித்தான் டேக்கிள்கள் எதிராளியை வெளிப்புறமாகத் தள்ளிச் சுற்றவிடுகிறார்கள். குவாட்டர்பேக் அச்சத்தில் இரண்டு அடி கூடுதலாகப் பின்னால் போனால், நல்ல டேக்கிள் சரியாகத் தள்ளிவிட்ட எதிராளி நேராக அவர் முதுகில் போய் மோதுவார். பார்ப்பவருக்கு டேக்கிள் தோற்றதாகத் தெரியும்.

பாய்ச்சலையே பொறியாக்கும் உத்திகளும் உண்டு. 'ஸ்கிரீன்' எறிதலில் முன்வரிசையினர் வேண்டுமென்றே எதிரிகளை உள்ளே விட்டுவிட்டு, தாங்கள் ஒரு பக்கமாக நழுவுவார்கள். எதிரிகள் குவாட்டர்பேக்கை நெருங்கும்போது பந்து அவர்கள் தலைக்கு மேலாக, காவலர்கள் காத்திருக்கும் பக்கத்தில் நிற்பவருக்குப் போகும். 'பிளே ஆக்‌ஷன்' என்பது ஓடுபவரிடம் பந்தைக் கொடுப்பதுபோல் நடித்துவிட்டு எறிவது. பாய்பவர்கள் அரைநொடி தயங்குவார்கள். அந்த அரைநொடியை முன்வரிசை உழைத்துப் பெறவில்லை. திட்டம் பெற்றுத் தந்தது.

விதிகள் தந்த இடம்

முன்னோக்கி எறிவது 1906-இல்தான் சட்டபூர்வமானது. அதன் பிறகும் நீண்ட காலத்துக்கு மறிப்பவர்களின் கைகள் கட்டப்பட்டவை போலவே இருந்தன. கையை நீட்டித் தள்ள அனுமதி இல்லை. பாய்பவர்களோ மறிப்பவரின் தலையில் ஓங்கி அறையலாம். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் டீக்கன் ஜோன்ஸ் இதில் பேர்போனவர். 'சாக்' என்ற சொல்லைப் பரப்பியவரும் அவரே என்பர். தேசியக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். 1977-இல் தலையில் அறைவதைத் தடை செய்தது. 1978-இல் மறிப்பவர்கள் கையை நீட்டவும் உள்ளங்கையை விரிக்கவும் அனுமதித்தது. அதே ஆண்டு, பந்து பிடிக்க ஓடுபவர்களை ஐந்து கஜத்துக்கு அப்பால் இடிக்கக் கூடாது என்ற விதியும் வந்தது. முதலில் சொன்னவை நேரத்தைக் கூட்டின. கடைசியில் சொன்னது தேவைப்படும் நேரத்தைக் குறைத்தது. சாக் எண்ணிக்கையை லீக் அதிகாரபூர்வமாகப் பதியத் தொடங்கியது 1982-இல்தான்.

வால்ஷ் கண்ட வழி

விரைவான குறுகிய எறிதலை ஒரு முழு முறையாக வளர்த்தவர்களில் முதன்மையானவர் பில் வால்ஷ். 1970-இல் அவர் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் துணைப் பயிற்சியாளர். அணியின் வலிய கை கொண்ட இளம் குவாட்டர்பேக் கிரெக் குக் தோள் காயத்தால் ஒதுங்க, இடத்துக்கு வந்த விர்ஜில் கார்ட்டரால் நெடுந்தொலைவு எறிய முடியாது. ஆனால் குறி தப்பாது, காலும் அறிவும் வேகம். வால்ஷ் அந்தக் கைக்கேற்ற திட்டத்தை வரைந்தார். பந்து நீளவாக்கில் போகாமல் அகலவாக்கில் பரவியது. குறுகிய எறிதலே ஓட்டத்தின் இடத்தையும் நிரப்பியது. தொடங்கி மூன்றே ஆண்டான அந்த அணி அவ்வாண்டு தன் பிரிவில் முதலிடம் பெற்றது. பின்னாளில் சான் ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸ் அணியில் ஜோ மொன்டானாவைக் கொண்டு புகழ்பெற்ற 'வெஸ்ட் கோஸ்ட்' முறைக்கு வித்து அங்கேதான் விழுந்தது. இல்லாத வலிமையை மறைக்கப் பிறந்த உத்தி அது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

1981-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்கு லாரன்ஸ் டெய்லர் வந்தபோது இந்தக் கணக்குகள் எல்லாம் மறுபடி எழுதப்பட்டன. ஓரத்திலிருந்து பாய்ந்து வரும் அவரை மறிக்க, அதுவரை ஓட்டக்காரர்களையே நம்பியிருந்தார்கள். அவர்கள் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. 1982 ஜனவரியில் நடந்த வெளியேற்றுச் சுற்று ஆட்டத்தில் வால்ஷ், ஜான் எயர்ஸ் என்ற கார்டை அவருக்கென்றே ஒதுக்கினார்; 49-யர்ஸ் 38–24 என வென்றது. ஆனால் கார்டு ஓரத்துக்குப் போனால் நடுவில் ஓட்டை விழும். நிலையான விடை, இடப்பக்கக் கடைசியில் நிற்கும் டேக்கிள் அளவில் மலையாகவும் காலில் மானாகவும் இருக்க வேண்டும் என்பதே. வலக்கையால் எறியும் குவாட்டர்பேக்குக்கு இடப்பக்கம் முதுகுப்பக்கம். அங்கிருந்து வரும் அடி கண்ணில் படாது. அந்த இடத்தின் சம்பளம் பின்னாளில் ஏறியதற்கு இதுவே காரணம். மைக்கேல் லூயிஸ் 2006-இல் எழுதிய 'தி பிளைண்ட் சைட்' நூல் இந்தக் கதையைப் பொது வாசகர்களிடம் கொண்டுசென்றது.

அந்த நூல் வழியாகப் பலரும் அறிந்த நிகழ்வு 1985 நவம்பர் 18 அன்று நடந்தது. வாஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மனை டெய்லர் வீழ்த்தியபோது அவருடைய வலக்கால் எலும்பு முறிந்தது; 36 வயதான அவர் அதன் பிறகு ஆடவே இல்லை. இதை டெய்லரின் வேகத்துக்குச் சான்றாகவே சொல்வார்கள். அன்று அழைக்கப்பட்ட திட்டத்தையும் பார்க்க வேண்டும். தைஸ்மன் பந்தை ஜான் ரிகின்ஸிடம் கொடுக்க, ரிகின்ஸ் சற்று ஓடி அதைத் திருப்பித் தைஸ்மனிடமே எறிய, அவர் தொலைவில் ஆள் தேட வேண்டும். பந்து இரண்டு முறை கைமாறும் வரை ஐந்து காவலர்களும் நிற்க வேண்டும். எதிரணி ஏமாந்தால் அற்புதமான ஏற்பாடு. அன்று அவர்கள் ஏமாறவில்லை.

எண்கள் சொல்வது

இரண்டு எல்லைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1988-இல் மயாமி டால்ஃபின்ஸ் அணியின் டான் மரினோ 606 முறை எறிந்தார். வீழ்த்தப்பட்டது 6 முறை மட்டுமே. அவர் வேகமாக ஓடக்கூடியவர் அல்லர். கையிலிருந்து பந்து போகும் வேகம்தான் அவருடைய அரண். 2002-இல் புதிதாகச் சேர்ந்த ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணியின் டேவிட் கார் 444 முறை எறிந்து 76 முறை வீழ்ந்தார். ஒரு பருவத்தில் இதைவிட அதிகமாக யாரும் வீழ்ந்ததில்லை. அந்த அணி நம்பி எடுத்த டேக்கிள் டோனி பொசெல்லி தோள் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்பது உண்மை. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து, 2005-இலும் கார் 68 முறை வீழ்ந்தார். முன்வரிசை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

அணி மாறும் குவாட்டர்பேக்குகள் தங்கள் சாக் விகிதத்தைப் பெரும்பாலும் உடன் எடுத்துச் செல்கிறார்கள் என்று ஆட்டப் புள்ளிவிவரங்களை ஆய்வோர் நெடுங்காலமாகச் சுட்டிவருகின்றனர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நல்ல வாய்ப்பைத் தேடுபவர் எந்த அணியிலும் தேடுவார். ஆனாலும் சாக் குறைவதே வெற்றி என்று எண்ணுவதும் பிழை. மரினோவின் அணி அந்த 1988-இல் 6 ஆட்டங்களை வென்று 10-இல் தோற்றது. அவர் எறிந்த 23 பந்துகளை எதிரணி பிடித்தது. 2020-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் பென் ரோத்லிஸ்பர்கர் முழங்கை அறுவைக்குப் பின் திரும்பிவந்து, பந்தை மின்னல் வேகத்தில் குறுகக் குறுக எறிந்தார். 608 எறிதலுக்கு 13 சாக். அணி முதல் 11 ஆட்டங்களை வென்றது. பிறகு எதிரணிகள் முன்னே நெருங்கி நின்று குறுகிய வழிகளை அடைத்தன. வெளியேற்றுச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே கிளீவ்லாந்திடம் 48–37 எனத் தோற்றது.

ஜோ பர்ரோவின் கதையில் இந்தக் கேள்வி ஓர் அணியின் தலைவிதியாகவே நின்றது. பெங்கால்ஸ் அணியின் அந்த இளைஞர் 2020 நவம்பரில் முழங்கால் கிழிந்து முதல் பருவத்தை இழந்தார். 2021 ஏப்ரல் வீரர் தேர்வில் அணிக்கு ஐந்தாவது வாய்ப்பு. பீனே சுவெல் என்ற டேக்கிளை எடுத்துப் பர்ரோவைக் காப்பதா, கல்லூரியில் அவருடன் ஆடிய ஜமார் சேஸ் என்ற ரிசீவரை எடுப்பதா? அடிபட்ட கால் இன்னும் ஆறாத நிலையில் அணி சேஸை எடுத்தது. சேஸ் அவ்வாண்டின் சிறந்த அறிமுக ஆட்டக்காரராகத் தேர்வானார். பர்ரோ பருவ ஆட்டங்களில் 51 முறை வீழ்ந்தார். டென்னஸி அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 9 முறை வீழ்ந்தும் 19–16 என வென்றார். 2022 பிப்ரவரி 13 அன்று சூப்பர் பவுல் இறுதியில் மேலும் 7 முறை வீழ்ந்து, 23–20 எனத் தோற்றார். சேஸை எடுத்தது சரியா தவறா என்ற வாதத்துக்கு இரு தரப்பும் இதே எண்களைத்தான் காட்டுகின்றன.

எதிரணியின் விடை

பாய்பவர் எண்ணிக்கையைக் கூட்டுவது, அதாவது 'பிளிட்ஸ்', ஒரு விடை. ஆனால் வேகமாக எறிபவருக்கு எதிராக அது தற்கொலைக்குச் சமம். விட்டுவந்த இடத்தில் பந்து விழுந்துவிடும். இதைவிடக் கடினமான விடை, நால்வரை மட்டும் பாய்ச்சி ஏழு பேரைப் பின்னால் நிறுத்துவது. நால்வரால் ஐவரை உடைக்க முடிந்தால் எறிபவருக்கு எந்த உத்தியும் எளிதில் கைகொடுப்பதில்லை. 2008 பிப்ரவரி 3 அன்று அதுவரை தோல்வியே காணாத நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் டாம் பிரேடியை ஜயண்ட்ஸ் 5 முறை வீழ்த்தி, 17–14 என வென்றது. 2021 பிப்ரவரி 7 அன்று டாம்பா பே அணியும் அதிகம் பிளிட்ஸ் செய்யாமலேயே கான்சஸ் சிட்டியின் பாட்ரிக் மஹோம்ஸை அலைக்கழித்தது. அன்று கான்சஸ் சிட்டியின் வழக்கமான டேக்கிள்கள் இருவரும் காயத்தால் இல்லை. டாம்பா பே தன் பின்வரிசையினரை ஆழத்தில் நிறுத்தி நீண்ட எறிதலை அடைத்துவிட்டது. மஹோம்ஸ் ஆள் திறப்பதற்காகக் காத்திருக்க, காத்திருக்கும் ஒவ்வொரு கணமும் காவல் உடைந்தது. கணிப்பாளர்கள் 29 முறை அவர் நெருக்கடிக்கு உள்ளானதாகக் கணக்கிட்டனர். வீழ்ந்தது மூன்றே முறை. ஓடி ஓடித் தப்பினாலும் 31–9 எனத் தோல்வி.

நிலைமையும் உத்தியின் கையைக் கட்டும். மூன்றாவது முயற்சியில் 12 கஜம் தேவை என்றால் குறுகிய எறிதல் பயன்படாது. நீளமாகத்தான் எறிவார்கள் என்பது எதிரணிக்கும் தெரியும். ஆகவே மூன்றாவது முயற்சியின் பாதுகாப்பு, முதல் இரண்டு முயற்சிகளில் எத்தனை கஜம் கிடைத்தது என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. பந்தை ஆளில்லாத இடத்தில் வீசித் தப்பலாம் என்றால் அதற்கும் தண்டனை உண்டு; பாக்கெட்டை விட்டு வெளியே வந்து, பந்து ஆட்டக் கோட்டையாவது எட்டும்படி வீசினால் மட்டும் விலக்கு.

இந்தியாவும் காவலர் இல்லாத ஆட்டமும்

இந்தியாவில் இந்த ஆட்டம் வேர் பிடிக்கவில்லை. 2011-இல் அறிவிக்கப்பட்ட எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா தன் முதல் பருவ ஆட்டங்களை 2012-இல் கொழும்பில் நடத்தியது. தலைக்கவசமும் தோள்கவசமுமாக ஓர் அணியைக் களத்தில் இறக்குவதே பெரும் செலவு. இப்போது இங்கே வாய்ப்புள்ளதாகத் தெரிவது ஃபிளாக் ஃபுட்பால் என்ற கவசமற்ற வடிவம். இடுப்பில் தொங்கும் நாடாவைப் பறித்தால் ஆள் வீழ்ந்ததாகக் கணக்கு. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு, கிரிக்கெட்டுடன் சேர்த்து இதையும் 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் சேர்த்தது.

அணிக்கு ஐந்தே பேர் ஆடும் அந்த ஆட்டத்தில் மறிப்பதே குற்றம். முன்வரிசை இல்லை, இடப்பக்க டேக்கிள் இல்லை. பந்தைக் கொடுத்த செண்டரே அடுத்த கணம் பந்து பிடிக்க ஓடுவார். எதிரணியின் பாய்பவர் 7 கஜம் தள்ளி நின்று புறப்பட வேண்டும் என்பது மட்டுமே குவாட்டர்பேக்குக்கு விதி தரும் காவல். அந்த 7 கஜத்தை அவர் ஓடிக் கடப்பதற்குள் யாருக்கு எறிவது என்று முடிவாகியிருக்க வேண்டும்.